சர்க்கரை நோயாளிகளுக்குத் துத்தநாகம், மக்னீசியம் டெஸ்ட்: ரத்தம் கொடுப்பதும் ரிப்போர்ட் பார்ப்பதும்

துத்தநாகம் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் உடம்பைச் சந்தேகிக்கும் முன் ரத்தம் எடுத்த குழாயைச் சந்தேகியுங்கள். சாதாரணக் குழாயின் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசிந்து ரத்தத்தில் கலந்துவிடும். நுண்தாதுக்களுக்கென்று அடர்நீல மூடி போட்ட குழாய் தனியாக உண்டு. ஊசி ஏறுவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள்.

காலையில், 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருந்து ரத்தம் கொடுங்கள், தண்ணீர் குடிக்கலாம். சாப்பிட்டால் துத்தநாக அளவு இறங்கும், பிற்பகலிலும் காலையைவிடக் குறைவாகவே காட்டும். இன்சுலின் போடுபவர்கள் அன்றைய டோஸை என்ன செய்வதென்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வரிசையில் காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்.

கையில் பட்டியை வெகுநேரம் இறுக்கிக் கட்டி, ரத்தத்தை வேகமாக இழுத்து, குழாயைக் குலுக்கினால் சிவப்பணுக்கள் உடையும். அந்த அணுக்களுக்குள் துத்தநாகமும் மக்னீசியமும் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், இருப்பதைவிட அதிகம். உடைந்தால் இரண்டும் பொய்யாக ஏறும். சுழற்றிப் பிரித்த சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் மறுபடி ரத்தம் எடுப்பதே சரி.

ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை டெஸ்டுக்கான ஊதா மூடிக் குழாயில் மக்னீசியம் பார்க்கக் கூடாது. அதிலுள்ள இடிடிஏ என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் ரசாயனம் மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு ஃபுளோரைடு கலந்த சாம்பல் மூடிக் குழாய் வேண்டும். சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்திருந்தால் அணுக்களே மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும்.

துத்தநாகம் குறைவு என்று வந்தால் கூடவே சிஆர்பி (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுவது), ஆல்புமின் (ரத்தத்திலுள்ள புரதம்) பாருங்கள். காலில் புண்ணோ கிருமித்தொற்றோ இருந்தால் துத்தநாகம் இறங்கும், தாமிரம் ஏறும். அது பற்றாக்குறைதான் என்று சொல்லிவிட முடியாது. புண் ஆறியபின் மறுபடி பாருங்கள்.

மக்னீசியம் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.2 மில்லிகிராம் இருக்கும். உடம்பிலுள்ள மக்னீசியத்தில் 1 சதவீதம்கூட சீரத்தில் இல்லை. அதனால் நார்மல் என்று வந்தாலும் திசுக்களில் குறைவாக இருக்கலாம். குறைவு என்றே வந்துவிட்டால் அலட்சியம் வேண்டாம். சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது மக்னீசியமும் கூடவே போகும். நீர் பிரியும் மாத்திரையும், அமிலம் குறைக்க நெடுநாள் சாப்பிடும் மாத்திரையும் இந்தக் குறைவைக் கூட்டும்.

குரோமியம் டெஸ்டுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். எஃகு ஊசியே எண்ணைக் கெடுக்கும். வருகிற எண்ணை வைத்து சிகிச்சையை முடிவு செய்யவும் முடியாது.

ஹெச்பிஏ1சி-யை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) இரண்டோடும் சேர்த்தே படியுங்கள். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தசோகையில் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இரும்பு மாத்திரை தொடங்கியதும் சர்க்கரை மாறாமலேயே அது இறங்கக்கூடும். சர்க்கரை மருந்துதான் வேலை செய்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

டெஸ்ட் இல்லாமல் துத்தநாக மாத்திரையைத் தொடர்வது ஆபத்து. பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 40 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. மாதக்கணக்கில் அதைத் தாண்டினால் தாமிரம் குறைந்து ரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் வரும். அந்த மரப்பைச் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், 30-க்குக் கீழே இருப்பவர்கள் மக்னீசியம் மாத்திரையைத் தாமாகத் தொடவே கூடாது. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பையே கெடுக்கும்.