பியூவல் செல்லில் பிளாட்டினம் வீணாவது எங்கே? புதியவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள், செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் தம்பிகளும் வருகிறார்கள். ஆள் மாறுகிறார்கள், ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் பியூவல் செல் கெடும் விதம் மட்டும் மாறுவதில்லை. குழாய் கசிவது, போல்ட் தளர்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அதெல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும்.

நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதும்

இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அறிவியல் போட்டிக்காக ஒரு குழு சின்ன ஸ்டாக் (பல செல்களை அடுக்கிய கட்டு) ஒன்றைத் தயார் செய்தது. தலைமையாசிரியர் வந்தால் ஓட்டிக் காட்டுவார்கள், அவர் போனதும் நிறுத்துவார்கள். அடுத்து பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். அப்புறம் யாரோ ஒரு பையனின் மாமா. ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். போட்டி நாளில் அந்த ஸ்டாக்கால் ஒரு சின்ன விசிறியைக்கூடச் சுற்ற முடியவில்லை. "போலி பிளாட்டினத்தை நம்ம தலையில கட்டிட்டாங்க சார்" என்றார்கள்.

பிளாட்டினம் அசல்தான். செல்லுக்குள் வினையை வேகப்படுத்துவது அதுதான். அது 2 முதல் 5 நானோமீட்டர் துகள்களாகக் கரித்தூளின் மேல் ஒட்டியிருக்கும். செல் நின்று கிடந்தால் ஹைட்ரஜன் பக்கத்திலும் காற்று புகுந்துவிடும். பிறகு ஹைட்ரஜனை மெல்லத் திறந்தால் அது நுழையும் பாதியில் ஹைட்ரஜன், மறுபாதியில் காற்று. முன்பாதி தரும் மின்சாரம் பின்பாதியைத் தலைகீழாக ஓட்டும். அந்த இடத்தில் கேத்தோடின் (காற்றுப் பக்கத்து மின்முனையின்) மின்னழுத்தம் 1.5 வோல்ட் வரை ஏறும். வழக்கமாக அது 1 வோல்ட்டைத் தாண்டாது. அந்த மின்னழுத்தத்தில் கரி தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டையாக்சைடாகப் போய்விடும். அடியில் கரி போனபின் பிளாட்டினம் எங்கே நிற்கும்? கழன்றுவிடும், இல்லையென்றால் துகளோடு துகள் ஒட்டிப் பருத்துவிடும். எரிச்சல் என்னவென்றால், இது நடக்கும்போது வெளியே மீட்டரில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

நிறுத்தும்போது முதலில் காற்று வரும் வழியை அடைத்துவிடுங்கள். சின்ன ஸ்டாக் என்றால் காற்று ஊதும் விசிறியின் வாயை மூடினால் போதும். ஹைட்ரஜன் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒவ்வொரு செல்லுக்கும் குறுக்கே சிறு ரெசிஸ்டர் போட்டு, வோல்ட் இறங்கியபின் ஹைட்ரஜனையும் நிறுத்தி எல்லா வாயையும் அடைத்து வையுங்கள். தொடங்கும்போது ஹைட்ரஜன் சட்டென்று நிரம்பிவிட வேண்டும். நைட்ரஜன் இருந்தால் முதலில் அதை விட்டுக் காற்றைத் தள்ளிவிடுங்கள். வெளிவரும் வாயு திறந்த வெளிக்குப் போகட்டும்.

சுமை இல்லாமல் விட்டுவைப்பது

சுமை என்றால் செல்லிடம் மின்சாரம் இழுக்கும் விளக்கு, விசிறி போன்றவை. அது இல்லாமல் விட்டால் செல் 1 வோல்ட்டுக்கு அருகே போய் நிற்கும். பிளாட்டினத்தின் மேல் ஆக்சைடு படியும், சுமை ஏற்றியதும் கலையும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் பிளாட்டினம் கரைகிறது. கரைந்ததில் கொஞ்சம் பெரிய துகள்களோடு சேர்ந்துகொள்ளும், கொஞ்சம் மெம்பிரேனுக்குள் (இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் மெல்லிய படலத்துக்குள்) படிந்து எதற்கும் உதவாமல் கிடக்கும்.

எலக்ட்ரோலைசருக்குத் தண்ணீர்

கடை வாசலில் காசு போட்டுப் பிடிக்கும் மெஷின் தண்ணீர் குடிக்கத்தான். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசருக்கு ஊற்றும் தண்ணீரின் கடத்துதிறன் (மின்சாரத்தைக் கடத்தும் அளவு) சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். தண்ணீரில் வரும் செம்பு ஹைட்ரஜன் பக்கத்துப் பிளாட்டினத்தின் மேல் படியும். இரும்பு மெம்பிரேனை அரிக்கும். செம்பு கலந்த பித்தளை இணைப்புகள் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

சிவப்பு, கறுப்பு வயர்

எலக்ட்ரோலைசரில் இவற்றை மாற்றிச் செருகாதீர்கள். ஒரு நிமிடம்கூட.

ஆலைக் குளத்து வாயு

ஆலைத் தம்பிகளின் கனவு இது. கழிவுநீர்க் குளத்து மீத்தேனிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கலாம், சரி. ஆனால் அந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற கந்தக வாயு 1,000 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கை) தாண்டுவதும் உண்டு. வாகன பியூவல் செல்லில் போடும் ஹைட்ரஜனுக்கான ஐஎஸ்ஓ 14687 என்ற சர்வதேசத் தரம் கந்தகத்துக்குக் கொடுக்கும் வரம்பு 0.004 பிபிஎம், கார்பன் மோனாக்சைடுக்கு 0.2. மோனாக்சைடு பிடித்த செல்லைச் சுத்தமான ஹைட்ரஜனில் ஓட்டிப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கந்தகம் லேசில் விடாது. அதை எப்படி வடிகட்டுவது என்று சொல்லாமல் வாயுப் பையைத் தூக்கிக்கொண்டு வருபவரை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.