குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே சாய்ந்தால்

பெங்களூரு அல்சூர் கௌதமபுரத்துப் பெண் பிள்ளைகளின் ஃபுட்பால் பயிற்சியில் முதலில் முட்டியைத்தான் கவனிப்பேன். இறங்கும்போது அது உள்பக்கம் சாய்ந்தால், முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழியும் அபாயம் உண்டு. பெரும்பாலும் யாரும் மோதாமலே, சட்டென்று திரும்பும்போதே கிழிகிறது.

இதைத் தடுக்கக் கைகொடுத்தது, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+ வார்ம்-அப்: 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் பலம், பேலன்ஸ், குதிப்பு, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். வாரம் 2 முறையாவது செய்தே ஆகணும்.

அதில், பின்தொடையைப் பலப்படுத்தும் நார்டிக் பயிற்சியில்தான் கோளாறு அதிகம். மண்டியிட்டவளின் கணுக்கால்களை இன்னொருத்தி அழுத்திப் பிடிக்க, தோள் முதல் முட்டிவரை ஒரே நேராக மெல்ல முன்னால் சாயணும். இடுப்பை மடித்தால் பின்தொடைக்கு வேலை குறைந்துவிடும். ஆரம்பத்தில் 3 முதல் 5 முறை போதும்.

குதிப்பில், முன்பாதம் முதலில் சத்தமில்லாமல் பதியணும். "முட்டியை உள்ளே விடாதேம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.