தங்க நிறச் சுவருக்கு முதலில் பல்பைப் பாருங்கள்

சேலத்தில் பெயின்ட் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஊருக்குள் அஸ்தம்பட்டியிலும் வேலை வரும், மலைமேல் ஏற்காட்டிலும் வரும். இப்போதெல்லாம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "மேஸ்திரி, ஹாலுக்கு இந்தத் தங்க கலர்தான் வேணும்" என்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கும் வெளிச்சத்துக்கும் சேர்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். அதை டப்பாவில் அடைத்துத் தர என்னால் முடியாது.

மினுமினுக்கும் மெட்டாலிக் கோல்டைப் பற்றி இங்கே பேசவில்லை. அது சுவரின் மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். பூஜை மாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் சொல்வது மஞ்சள் காவி கலந்த, கதகதப்பான தங்க நிற எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்.

ஷேட் கார்டில், அதாவது பெயின்ட் கடையில் காட்டும் நிற அட்டையில், இருக்கும் தங்க நிறங்கள் பச்சைப் பக்கமோ சிவப்புப் பக்கமோ கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். தனியாகப் பார்த்தால் தெரியாது, இரண்டு மூன்றை ஒட்டி வைத்தால் தெரிந்துவிடும். சேலத்தில் மேற்குப் பார்த்த ஹாலுக்குச் சிவப்புச் சாய்வு வேண்டாம். சாயங்கால வெயில் விழுந்ததும் சுவர் ஆரஞ்சாகிவிடும். பழுப்பு கலந்து சற்று அடங்கிய நிறமே போதும். தரை ரெட் ஆக்சைடு என்றால் இன்னும் ஒரு படி இறங்குங்கள், தரையின் சிவப்பும் சுவரில் ஏறும்.

ஏற்காட்டில் கணக்கே வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரம், அடிக்கடி மூடுபனி, ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக்கும் காப்பிச் செடியும். இலைகளில் பட்டு உள்ளே வரும் ஒளியில் பச்சைச் சாய்வுள்ள தங்கம் சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும். அங்கே சிவப்புச் சாய்வுதான் சுவரைக் காப்பாற்றும்.

அடுத்தது பல்பு. பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். அதில் எந்தத் தங்கமும் வெளிறிப்போகும். மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 அல்லது 3000 கெல்வின் வாங்குங்கள். டியூப்லைட்டை மாற்ற மாட்டேன் என்பவர்களிடம் நான் க்ரீம் கலரையே பார்க்கச் சொல்லிவிடுவேன்.

சாம்பிளைச் சுவரில் அடிக்காதீர்கள், பக்கத்திலிருக்கும் பழைய கலர் கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடி ஹார்டுபோர்டில் இரண்டு கோட் அடித்து, காலை, மத்தியானம், ராத்திரி லைட் போட்ட பிறகு என்று சுவர் சுவராக நகர்த்திப் பாருங்கள்.

அப்புறம் சுவர். ஓதம் இருந்தால் எந்த பெயின்டும் பொரிந்து வரும். சந்தேகமான இடத்தில் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் கோத்தால் முதலில் கசிவைச் சரிசெய்ய வேண்டும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் பெயின்டைத் தொடவே வேண்டாம். மற்றபடி வழக்கமான வேலைதான்: பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, பெயின்டுக்கு அடியில் அடிக்கும் பிரைமர்.

மஞ்சள் வகை நிறங்களுக்கு அடியில் இருப்பதை மூடும் சக்தி குறைவு. வெள்ளை பிரைமர் மேல் அடித்தால் இரண்டு கோட்டிலும் திட்டுத் திட்டாகத் தெரியும், மூன்றாவது கேட்கும். கடையில் பிரைமரிலேயே கொஞ்சம் மஞ்சள் டின்ட் போடச் சொல்லுங்கள். 12 அடிக்கு 10 அடி சுவர் 120 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். பல டப்பா வாங்கினால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிட்டு ரோலரை எடுங்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நாலு மணி நேரமாவது விடுங்கள்.

நாலு சுவருக்கும் தங்கம் அடிப்பது எனக்குப் பிடிக்காது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் ஒன்று போதும், மற்றவை க்ரீம். சீலிங்குக்குப் பளிச்சென்ற வெள்ளை அடித்தால் இரண்டும் ஒட்டாது, அங்கேயும் ஆஃப் ஒயிட். பித்தளைக் குத்துவிளக்கை இந்தச் சுவர் முன் வைத்தால் இருக்கிற இடமே தெரியாது; பின்னால் ஒரு தேக்குப் பலகை வையுங்கள். வெள்ளிச் சாமான் நன்றாக எடுக்கும், வெள்ளி வேலைக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டை பக்கத்திலேயே இருக்கும்போது அதற்கென்ன பஞ்சம்!

மிச்ச பெயின்டைத் தூக்கிப் போடாதீர்கள். டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆணி அடித்த ஓட்டையை அடைக்க அதே நம்பர், அதே ஃபினிஷ் வேண்டும். பளபளப்பில்லாத மேட் சுவரில் பளபளக்கும் ஷீன் பெயின்ட் தொட்டால் திட்டு தனியாக மின்னும்.