மனச்சோர்வை அடையாளம் காண்பது எப்படி

வேலூர் வெயிலில் வரும் அசதி தூங்கி எழுந்தால் போய்விடும். ஆனால் 2 வாரமாகத் தினமும் மனசு பாரமாகவே இருக்கிறது, பிடித்ததிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்றே தோன்றுகிறது என்றால் கவனியுங்கள், அது மனச்சோர்வாக இருக்கலாம். நம் வீடுகளில் பலர் மனசு சரியில்லை என்று சொல்லவே மாட்டார்கள், உடம்பு வலி, தலைபாரம் என்றுதான் சொல்வார்கள்.

மனச்சோர்வில் பல வகை உண்டு. லேசான சோர்வு 2 வருடத்துக்கு மேல் நீடிப்பது ஒரு வகை. பிரசவத்துக்குப் பிறகு வருவது இன்னொன்று, 'குழந்தை பிறந்த வீட்டில் என்ன அழுகை' என்று தயவுசெய்து அவளைத் திட்டாதீர்கள். இடையில் தூக்கமே தேவைப்படாத அதீத உற்சாகம் வந்துபோயிருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அது இருதுருவக் கோளாறாக (அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், கட்டணமில்லை.