பீட்டா பிளாக்கர் மாத்திரையை வீட்டில் கவனமாகக் கையாள்வது எப்படி?

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது ஏழு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். அதில் மெட்டோபுரோலால் என்ற பீட்டா பிளாக்கர் எதற்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. "பிரஷர் மாத்திரை" என்று மட்டும் மனதில் பதிந்தது. அந்த அரைகுறைப் புரிதலால்தான் சில மாதம் கழித்து நடு இரவில் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் டாக்டர் முடிவு செய்வது. வாங்கி வந்த மாத்திரையை வீட்டில் எப்படிக் கையாள்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அட்டெனலால், மெட்டோபுரோலால், பைசோபுரோலால், நெபிவலால், கார்வெடிலால், புரோப்ரனலால் என்று "லால்" என்று முடிந்தால் அநேகமாக பீட்டா பிளாக்கர்தான். அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை விரட்டாமல் இது தடுக்கிறது. துடிப்பு நிதானமாகும், இதயத்தின் வேலைப்பளு குறையும், ரத்த அழுத்தமும் இறங்கும்.

வெறும் ரத்த அழுத்தத்துக்கு என்றால் இப்போது பெரும்பாலும் வேறு வகை மாத்திரையில்தான் தொடங்குகிறார்கள். மாரடைப்பு, நெஞ்சு வலி, இதயச் செயலிழப்பு, ஒழுங்கற்ற துடிப்பு இருப்பவர்களுக்கு இது கூடுதலாக ஒரு வேலை செய்கிறது. அதனால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது: "இது பிரஷருக்கு மட்டுமா, இதயத்துக்குமா?"

மருந்துக் கடையில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள். பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் முழு அட்டையாகவே வாங்குங்கள்.

2. பொடி செய்யலாமா?

மெட்டோபுரோலாலில் இரண்டு வகை உண்டு. டார்ட்ரேட் என்பது சாதாரண மாத்திரை, பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சக்சினேட் என்பது நாள் முழுக்க மெதுவாகக் கரைவது, ஒரே வேளை. அட்டையில் எக்ஸ்எல், ஈஆர் போன்ற எழுத்துகள் இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதை மென்றாலோ பொடி செய்தாலோ ஒரு நாள் மருந்து முழுவதும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். நடுவில் கோடு இருந்தால், டாக்டர் சொன்னால், பாதியாக உடைக்கலாம். அவ்வளவுதான். கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கார்வெடிலால் என்றால் சாப்பாட்டோடு கொடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும்.

3. டாக்டரிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா?

ஆஸ்துமா அல்லது வீசிங் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். குறிப்பாக புரோப்ரனலால் போன்றவை மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். வெராபமில் அல்லது டில்டியாசெம் என்ற இதய மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு மிகவும் இறங்கிப்போக வாய்ப்பு உண்டு. சுகருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இன்னும் கவனம். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும். காரணமில்லாமல் வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள்.

4. தினமும் நாடி, அழுத்தம்

மேல் கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கை கொஞ்சம் மேலே கீழே போனாலே எண் மாறிவிடுகிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து எடுக்க வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குக் கருவி தடுமாறும். அவர்களுக்கு மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள்.

எண்களைக் குறிக்க எனக்கு செயலியை விட நாற்பது பக்க நோட்டுதான் பிடிக்கும். டாக்டர் ஒரு நொடியில் பார்த்துவிடுகிறார்.

நாடி 50க்குக் கீழே இருந்தால் அடுத்த வேளை கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். மயக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

5. திடீரென்று நிறுத்தாதீர்கள்

நாங்கள் சறுக்கியது இங்கேதான். நோட்டில் வாரக்கணக்காக 120/80. அப்பாவுக்குக் கை கால் சில்லென்று இருந்தது, மாடி ஏறினால் அசதி. "பிரஷர்தான் சரியாகிவிட்டதே, கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்போம்" என்றார். நானும் சரி என்றேன். நான்காவது நாள் இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடி 118.

மருந்து அட்ரினலினைத் தடுத்து வைத்திருக்கும் காலத்தில், இதயம் அட்ரினலினைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூடுதலாக உருவாக்கிக்கொள்ளும் என்று டாக்டர் அன்று விளக்கினார். தடுப்பைச் சட்டென்று எடுத்தால் அட்ரினலின் மொத்தமும் அத்தனை ஏற்பிகளிலும் போய் மோதும். துடிப்பு எகிறும், நெஞ்சு வலி வரும், மாரடைப்பே வரலாம். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் டாக்டர் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

அசதியைச் சொன்னதும் அளவைக் குறைத்துக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் அப்பா தெளிந்துவிட்டார். முதலிலேயே ஒரு போன் செய்திருக்கலாம் என்று இன்னும் மனது அடித்துக்கொள்கிறது.

இப்போது பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த அட்டை வாங்கிவிடுகிறோம். பயணத்தில் மாத்திரை கைப்பையில்தான், பெட்டியில் இல்லை. அறுவை சிகிச்சை என்றால் முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

பின்சேர்க்கை

ஒரு வேளை மாத்திரையை மறந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

நடைப்பயிற்சியில் துடிப்பு ஏறவே இல்லை என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். இந்த மருந்தில் அப்படித்தான் இருக்கும். வாட்ச் காட்டும் இலக்கைத் துரத்த வேண்டாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

இன்னொரு வாசகி அம்மாவின் நாடி 46க்கு இறங்கியது ஏன் என்று தேடியபோது, கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து அகப்பட்டிருக்கிறது. அதுவும் பீட்டா பிளாக்கர்தான். கண்ணில் விட்டாலும் ரத்தத்தில் கலக்கும். இதய டாக்டருக்கும் கண் டாக்டருக்கும் மற்றவர் கொடுத்த சீட்டைக் காட்டுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் உடம்புக்குள் போகும் அளவு குறையும்.