அமெரிக்கச் சிற்றூர்த் தீயணைப்புக் குழுக்களுக்கான காட்டுத்தீ மானியம்: விண்ணப்பிக்கும் முறை

அமெரிக்கச் சிற்றூர்களில் காட்டுத்தீ மூண்டால் முதலில் போய் நிற்பவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காத தன்னார்வலர்களே. அவர்களுக்கு வண்டியும் உடையும் வானொலிக் கருவியும் வாங்கித் தர அரசு மானியங்கள் இருந்தும், அவற்றைக் கேட்டு முறையாக எழுதித் தர ஆளில்லாத குழுக்கள் பல. அலுவலக அறிக்கைகள் எழுதிப் பழகிய எவரும், அந்த ஊர்களில் குடியேறிய தமிழர்கள் உட்பட, இந்தப் பணியை ஏற்கலாம். இதற்குத் தீயணைப்புப் பயிற்சி தேவையில்லை.

முதலில், குழுவின் தேவைக்கு எந்த மானியம் பொருந்தும் என்று பார்க்க வேண்டும். மக்கள்தொகை 10,000க்கு மிகாத ஊர்களைக் காக்கும் தன்னார்வக் குழுக்களுக்கு, அமெரிக்க வனத்துறையின் தன்னார்வத் தீயணைப்பு உதவித் திட்டமே எளிய தொடக்கம். 1978ஆம் ஆண்டின் கூட்டுறவு வனவியல் உதவிச் சட்டத்தின் கீழ் வரும் இந்தப் பணத்தை மாநில வனத்துறைகள்தாம் பகிர்ந்தளிக்கின்றன. ஆகவே வாஷிங்டனுக்கு எழுதாமல், கலிபோர்னியாவில் கால் ஃபயர் எனப்படும் மாநில வன, தீயணைப்புத் துறையையும், பிற மாநிலங்களில் அந்தந்த மாநிலத்தின் வனத்துறையையும் அணுக வேண்டும். பொதுவாகச் செலவில் பாதியைக் குழு ஏற்க வேண்டும். கெடு தேதியும் உச்சவரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பெரிய தொகை வேண்டுமென்றால், ஃபெமா எனப்படும் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை முகமை நடத்தும் தீயணைப்பாளர் உதவி மானியத்துக்குப் போக வேண்டும். 20,000 பேர் வரையுள்ள பகுதிக்குச் சேவை செய்யும் குழு, மானியத் தொகையில் 5 விழுக்காட்டைத் தன் பங்காகப் போட்டால் போதும். ஆனால் இதில் நாடு முழுவதிலிருந்தும் போட்டி இருக்கும்.

மேற்சொன்ன இரண்டும் கருவிக்கும் பயிற்சிக்குமானவை. வீடுகளைச் சுற்றியுள்ள புதரையும் காய்ந்த மரங்களையும் அகற்றுவதற்கான பணம் வேறு. 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம், சமூகக் காட்டுத்தீத் தற்காப்பு மானியத்துக்கென ஐந்தாண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. திட்டம் தீட்ட 2.5 லட்சம் டாலர் வரையிலும், களப்பணிக்கு 1 கோடி டாலர் வரையிலும் கேட்க அது இடம் தந்தது. களப்பணிக்குக் கேட்பவர்களிடம் சமூகக் காட்டுத்தீப் பாதுகாப்புத் திட்டம் என்ற ஆவணம் இருக்க வேண்டும். அது பத்தாண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. உள்ளாட்சி, தீயணைப்புத் துறை, மாநில வனத்துறை ஆகிய மூன்றும் அதற்கு உடன்பட வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் ஆரோக்கிய வனங்கள் மீட்புச் சட்டம் சொல்வதால், தீயணைப்புக் குழுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் இந்த வேலை நகராது. உங்கள் கவுண்டியில் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம் போன்ற பிரிவு) ஏற்கெனவே அப்படியொரு ஆவணம் இருக்கக்கூடும். புதிதாக எழுதத் தொடங்குமுன் விசாரித்துவிடுங்கள்.

கூட்டாட்சி அரசிடம் நேரடியாகப் பணம் கேட்கும் குழு, சாம் டாட் கவ் (SAM.gov) என்ற கூட்டாட்சி அரசின் பதிவுத் தளத்தில் பதிந்து 12 எழுத்து-எண்கள் கொண்ட அடையாளக் குறியீட்டைப் பெற வேண்டும். இந்தப் பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சட்டப்படியான பெயரிலோ முகவரியிலோ சிறு முரண் இருந்தாலும் வாரக்கணக்கில் இழுக்கும். எனவே மானிய அறிவிப்பு வரும்வரை காத்திராமல் இன்றே இதை முடித்துவிடுவது நல்லது.

விண்ணப்பத்தில் மிகுந்த கவனம் கேட்பது தேவையை விளக்கும் பகுதி. "எங்கள் கருவிகள் பழையவை, புதியவை வேண்டும்" என்று எழுதினால், படிப்பவர் அதை வைத்து எதையும் மதிப்பிட முடியாது. எத்தனை சதுர மைல் பரப்பு, அதில் எவ்வளவு புல்வெளி, எவ்வளவு காடு, கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை தீ அழைப்புகள், பக்கத்து ஊர்க் குழு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றைக் குழுவின் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள். பிறகு கேட்கும் பொருளை அந்த எண்களோடு இணையுங்கள். உதாரணமாக, வீட்டுத் தீக்கான மேலங்கி பல அடுக்குகளால் ஆனது. அதை அணிந்து வெயிலில் மலைச்சரிவில் மணிக்கணக்கில் மண்வெட்டும் தன்னார்வலர், தீ நெருங்கும் முன்பே உடல் வெப்பத்தால் சாய்ந்துவிடலாம். இலகுவான தீத்தடுப்புச் சட்டையும் காற்சட்டையும் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. அதேபோல் பெரிய தீயணைப்பு வண்டி ஏற முடியாத மண்பாதைகள் எத்தனை என்று காட்டிய பின், பிக்கப் வண்டியின் பின்தளத்தில் ஏற்றிப் பொருத்தும் தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் கேளுங்கள். ஆசைப்பட்டதையெல்லாம் பட்டியலிடுவதைவிட, இப்படித் தேவையை நிறுவிக் காட்டிய இரண்டு மூன்று பொருள்களைக் கேட்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

பணம் கைக்கு வரும் முறையையும் முன்பே கேட்டறிய வேண்டும். மாநிலங்கள் வழியாக வரும் பல மானியங்களில், குழு முதலில் தன் பணத்தில் வாங்கி, ரசீதைக் கொடுத்த பின்புதான் தொகை திரும்பக் கிடைக்கும். வங்கிக் கணக்கில் அவ்வளவு இருப்பு இல்லாத குழு, ஊர் மன்றத்திடம் தற்காலிகக் கடனுக்கு எழுத்து மூலம் ஒப்புதல் பெற்ற பிறகே விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வாங்கிய பொருளுக்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள்.

பங்குத் தொகைக்கே வழியில்லாத குழுக்கள், வனத்துறை வழியாகக் கிடைக்கும் உபரி அரசு வண்டிகளைக் கேட்கலாம். ஒரு திட்டத்தில் வண்டி கடனாக மட்டுமே தரப்படும். உரிமை கூட்டாட்சி அரசிடமே இருக்கும். மற்றொன்றில் நிபந்தனைகளை நிறைவேற்றிய பின் உரிமை குழுவுக்கே மாறும். எந்தத் திட்டத்தில் வாங்குகிறோம் என்பதைக் கையெழுத்திடும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள்.