கருத்துக்கேட்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகளாவிய சுகாதார அமைப்புகளில் அரசு சாரா அமைப்புகளின் கருத்துகளைத் திரட்டும் பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள், தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அழைப்பு தாமதமாவது, மொழிபெயர்ப்பு இல்லாதது போன்ற குறைகளை அவர்களே விரைவில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

வரைவு முடிந்த பிறகு கேட்பது

காசநோய் சிகிச்சை பற்றிய ஒரு வழிகாட்டுதலுக்குக் கருத்துக்கேட்பு நடத்தும் பணி ஒருமுறை என்னிடம் வந்தது. அத்தியாயங்களும் செலவுத் திட்டமும் முடிவான பிறகே வரைவை அனுப்பி, பத்து நாள் அவகாசம் கொடுத்தோம். மாத்திரை விழுங்குவதற்காக நாள்தோறும் சிகிச்சை மையத்துக்கு வரச் சொன்னால் கூலி போய்விடுகிறது, வீட்டிலேயே உட்கொள்ள வழி செய்யுங்கள் என்று நோயாளிகளின் கூட்டமைப்பு ஒன்று நான்கு பக்கம் எழுதியிருந்தது. அதை ஏற்றால் முழு அத்தியாயத்தையும் மாற்ற வேண்டியிருந்ததால், அவர்களின் பெயரை மட்டும் பின்னிணைப்பில் சேர்த்துக்கொண்டோம். சில மாதங்கள் கழித்து, "நாங்கள் எழுதியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று அவர்களின் பிரதிநிதி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அடுத்த கருத்துக்கேட்புக்கு அவர்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அவர்களிடம் மட்டுமே இருந்த அனுபவ அறிவை நாங்கள் இழந்தோம்.

அரசு சாரா அமைப்புகளைக் கலந்தாலோசிக்க உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், 71ஆம் பிரிவில், 1948 முதலே இடம் தருகிறது. ஆனாலும் அந்நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஒவ்வோர் ஆண்டும் கூடும் உலக சுகாதாரப் பேரவையில், பெரும்பாலும் அந்நாடுகள் பேசி முடித்த பிறகே அவர்களுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. தீர்மான வாசகம் அதற்குள் பேசி முடிக்கப்பட்டிருக்கும். இதே வரிசையை நம் அலுவலக மேசையிலும் பின்பற்றுவதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. எந்தச் சிக்கலைத் தீர்க்கப் போகிறோம் என்று தீர்மானிக்கும் கட்டத்திலேயே கேளுங்கள். பிறகு, எந்தக் கருத்து ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு, எழுதியவர்களுக்கே அனுப்புங்கள்.

எல்லோரையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது

2016-இல் பேரவை ஏற்ற விதிமுறை, அரசு சாராதவர்களைத் தன்னார்வ அமைப்புகள், தனியார் துறை, அறக்கட்டளைகள், கல்வி நிறுவனங்கள் என நான்காகப் பிரிக்கிறது. புகையிலை, ஆயுதத் தொழில்களுடன் உறவே கூடாது என்கிறது. தனியார் நிறுவனங்களின் பிடியில் உள்ள தன்னார்வ அமைப்பைத் தனியார் துறையாகவே கருத வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே பெயரைப் பார்த்து வகைப்படுத்தாமல், நிதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஒரே பிரதிநிதி

ஆண்டுதோறும் ஒருவரையே அழைக்காதீர்கள்.

பயணச் செலவு

முன்பணமாகக் கொடுங்கள், பிறகு திருப்பித் தருவதாகச் சொன்னால் சிறிய அமைப்புகளால் வர இயலாது.

இல்லாத அதிகாரத்தை இருப்பதாகக் காட்டுவது

எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியத்தின் ஆட்சிக்குழுவில் வாக்குரிமை உள்ள 20 இடங்களில் மூன்று, தன்னார்வ அமைப்புகளுக்கும் நோயால் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கும் உரியவை. எய்ட்ஸுக்கான ஐ.நா. கூட்டுத் திட்டமான யுஎன்எய்ட்ஸின் ஒருங்கிணைப்பு வாரியத்தில் ஐந்து தன்னார்வ அமைப்புகள் அமர்கின்றன. அவற்றுக்கு வாக்கு இல்லை. இரண்டுமே பயனுள்ள ஏற்பாடுகள்தாம். நீங்கள் கேட்பது வாக்கையா, ஆலோசனையையா, வெறும் தகவலையா என்பதை அழைப்புக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.